காரில்லாமல் ஒரு மாதம்: நடந்தே வாழ ஏற்ற கடலோர ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோடை விடுமுறை என்றால் நம் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே திட்டம்தான். ஒரு வேனை அமர்த்துவோம். நான்கு நாட்களில் ஐந்து ஊர்களைப் பார்ப்போம். பிள்ளைகள் வழியெல்லாம் வாந்தி எடுப்பார்கள். முழங்கால் வலியுள்ள உம்மா "நான் வண்டியிலேயே இருக்கேன், நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க" என்பார். வண்டி ஓட்டும் மகனுக்கோ மருமகனுக்கோ அது விடுமுறையாகவே இருக்காது. வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வருபவர்களின் நிலை இன்னும் கடினம். அந்த ஒரு மாதத்தில் பாதி, வாடகை வண்டியின் பின்னிருக்கையில் கழிந்துவிடும்.

இதற்கு மாற்றாக ஒரு வழி இருக்கிறது. ஒரே ஊரில், கடலுக்குப் பக்கத்தில், மூன்று நான்கு வாரங்கள் வீடு எடுத்துத் தங்குவது. வண்டியே இல்லாமல் அன்றாடத் தேவைகள் அனைத்தையும் நடந்தே முடித்துக்கொள்வது. செலவு குறையும் என்பதற்காக மட்டும் இதைப் பரிந்துரைக்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியாத எல்லோரும், அதாவது மூத்தவர்கள், பெண்களில் பலர், பிள்ளைகள், வெளியே போக வேண்டுமென்றால் யாராவது ஒருவரின் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நடக்கத் தகுந்த ஊரில் அந்தக் காத்திருப்பு இல்லை. வாப்பா தானாகவே பள்ளிக்குப் போய் வருவார். உம்மா தன் விருப்பப்படி மீன் வாங்கி வருவார். பத்து வயதுப் பிள்ளை பக்கத்துத் தெருக் கடைக்குத் தனியாகப் போகும்.

ஆனால் கடல் இருக்கும் ஊரெல்லாம் நடக்கத் தகுந்த ஊராகிவிடாது. தவறான ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், ஒரு மாதமும் ஆட்டோவுக்குக் காத்து நின்றே போய்விடும். எனவே எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை நான்கு ஊர்களை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறோம்.

மெதுவாக நடப்பவரே அளவுகோல்

உடல்நலமுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் தூரத்தை 12 முதல் 15 நிமிடங்களில் நடந்துவிடுவார். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் அதே தூரத்துக்கு 20, 25 நிமிடங்கள்கூட ஆகலாம். குடும்பத்தில் யார் மிக மெதுவாக நடப்பாரோ, அவரால் கால் மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்களில் அது 600 மீட்டர் அளவில் இருக்கும். அதுதான் உங்கள் வட்டம்.

வாடகைக்குப் பார்க்கும் வீட்டை நடுவில் வைத்து, கைப்பேசி வரைபடத்தில் அந்த 600 மீட்டருக்குள் பின்வரும் ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள்:

1. பள்ளிவாசல். ஒரு நாளைக்கு ஐந்து முறை போய்வர வேண்டிய இடம் என்பதால் இதற்கே முதலிடம்.
2. காய்கறி, மீன், பால், ரொட்டி கிடைக்கும் கடைகள்.
3. மருந்துக் கடையும் ஒரு மருத்துவரும்.
4. கடற்கரை.
5. வழியில் நிழலும் உட்கார இடமும்.

ஐந்தில் நான்கு இருந்தால் நல்ல வீடு. கடல் மட்டும் இருந்து மற்றவை இல்லையென்றால் அது இரண்டு நாள் தங்கும் விடுதிக்குத்தான் ஏற்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் பல விடுதிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அலை வாசலில் வந்து அடிக்கும். ஆனால் ஒரு பாக்கெட் பாலுக்கு வண்டி வேண்டும்.

வரைபடம் காட்டும் நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பிவிடக் கூடாது. இடையில் ஒரு நெடுஞ்சாலையோ, ரயில் பாதையோ, வாய்க்காலோ குறுக்கிட்டால் 300 மீட்டர் தூரம் ஒரு கிலோமீட்டராகிவிடும். சிக்னல் இல்லாத நெடுஞ்சாலையை ஒரு நாளில் பத்து முறை கடக்க வேண்டியிருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம்.

பழைய துறைமுக ஊர்கள் ஏன் பொருத்தமானவை?

மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே உருவான ஊர்களில் எல்லாமே நடக்கும் தூரத்தில்தான் இருக்கும். அன்று சரக்கு இறங்கும் துறை, கிடங்கு, கடைத்தெரு, தொழும் இடம், வீடுகள் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று அருகிலேயே அமைத்தார்கள். தெருக்கள் குறுகலாக இருந்ததால் ஒரு பக்க வீட்டின் நிழல் மறுபக்கத்தில் விழுந்தது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய நம் ஊர்களின் பழைய பகுதிகள் இப்படித்தான் இருக்கின்றன. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே செல்லும் முடுக்குகள் வழியாகப் பெண்கள் பெருந்தெருவுக்கே வராமல் உறவினர் வீடுகளுக்குப் போய்வந்தார்கள். நடப்பவரை மனத்தில் வைத்துக் கட்டிய ஊர் அது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. சிறுவயதில் வாழ்ந்த ஊர் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாலே, எப்படிப்பட்ட ஊரைத் தேட வேண்டும் என்பது பிடிபடும். இனி நான்கு ஊர்களைப் பார்ப்போம். நான்கும் பழைய துறைமுக ஊர்கள். நான்கிலும் நிறையும் உண்டு, குறையும் உண்டு.

புதுச்சேரி: எல்லாம் உண்டு, வீடு எங்கே என்பதுதான் கேள்வி

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எளிதில் அமையக்கூடியது புதுச்சேரி. விழுப்புரத்திலிருந்து இங்கே ரயில் பாதை 1879-லேயே வந்துவிட்டது. ரயில் நிலையம் பழைய நகரின் தெற்கு விளிம்பிலேயே இருப்பதால், பெட்டி குறைவாக இருந்தால் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய நகரம் நான்கு புறமும் அகன்ற சாலைகளால் சூழப்பட்டது. உள்ளே நேர்நேரான தெருக்கள், சதுரங்கக் கட்டம்போல ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். அதனால் வழி தவறுவது அரிது. வடக்குத் தெற்காக இருக்கும் பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலையொட்டி இருப்பது பிரெஞ்சுக் குடியிருப்பாக இருந்த பகுதி. மேற்கே இருப்பது தமிழர் பகுதி. அதன் தென்பகுதியில் காஜியார் தெரு, முல்லா வீதி என்று பெயரிலேயே அடையாளம் சொல்லும் முஸ்லிம் குடியிருப்பு இருக்கிறது. குத்பா பள்ளி, மீரான் பள்ளி ஆகிய பழைய பள்ளிவாசல்கள் அங்கேதான் உள்ளன.

தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. கடலுக்கு அருகே வீடு எடுத்தால் அலைச்சத்தம் கேட்கும், மரநிழல் இருக்கும், தெரு அமைதியாக இருக்கும்; ஆனால் பள்ளிவாசலும் பெரிய மார்க்கெட்டும் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போகும். காஜியார் தெருப் பக்கம் எடுத்தால் ஐவேளைத் தொழுகை, ஹலால் இறைச்சிக் கடை, பேசிப் பழக அக்கம்பக்கம் எல்லாம் உண்டு. கடலுக்குத்தான் சுமார் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கடலுக்கு ஒரு நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோ போவோம். பள்ளிக்கும் கடைக்கும் பல முறை போவோம். ஆகவே ஒரு மாதம் தங்குபவர்கள் மேற்குப் பக்கத்தில், வாய்க்காலுக்கு அருகில் வீடு பார்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

புதுச்சேரியின் பெரிய வசதி அதன் கடற்கரைச் சாலை. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகளை அங்கே கையை விட்டு ஓடவிடலாம். சக்கர நாற்காலியில் இருப்பவரையும் தள்ளிக்கொண்டு போகலாம். அரசு பொது மருத்துவமனை பாரதி பூங்காவுக்கு அருகிலேயே இருக்கிறது. 1827-இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகமும் அதே பகுதியில் இருப்பதால், வெயில் நேரத்தைக் கழிக்கவும் இடம் உண்டு.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 1980-களின் இறுதியில் துறைமுகக் கட்டுமானம் வந்த பிறகு மணல் அரித்துப்போய், கடற்கரைச் சாலையின் பெரும்பகுதி நெடுக இப்போது கருங்கல் குவியல்தான் இருக்கிறது. பின்னர் எடுத்த முயற்சிகளால் தலைமைச் செயலகத்தின் எதிரே மணல் ஓரளவு திரும்பியிருக்கிறது. ஆனால் பிள்ளைகள் மணலில் விளையாடுவதே முக்கியம் என்றால் அவ்வப்போது பேருந்தோ ஆட்டோவோ பிடித்து ஊருக்கு வெளியே போக வேண்டும். நேரு வீதி, மகாத்மா காந்தி சாலை இரண்டிலும் நெரிசல் அதிகம். நடைபாதையைக் கடைகள் பிடித்துக்கொண்டிருக்கும். சனி, ஞாயிறுகளில் மது அருந்த வரும் கூட்டத்தால் சில தெருக்கள் குடும்பத்தோடு நடக்க ஏற்றவையாக இருக்காது. வீட்டைச் சுற்றிலும் மதுக்கடை இருக்கிறதா என்று சனிக்கிழமை இரவில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தரங்கம்பாடி: அமைதி வேண்டுவோருக்கு

டேனிஷ்காரர்கள் 1620-இல் இறங்கி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர் இது. கோட்டை வாயிலைக் கடந்து உள்ளே போனால், ராஜ வீதி வழியாகச் சில நிமிட நடையில் டேன்ஸ்போர்க் கோட்டையும் கடலும் வந்துவிடும். உள்ளே வண்டிகள் குறைவு. ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மிக மெதுவாக நடப்பவரும் கால் மணி நேரத்தில் போய்விடலாம். பள்ளிவாசலும் முஸ்லிம் குடும்பங்களும் ஊரில் உண்டு.

நடப்பதற்கு இதைவிட எளிதான ஊர் கிடைப்பது கடினம். ஆனால் ஒரு மாதம் வாழ்வதற்கு வேண்டியவை குறைவு. பெரிய கடைத்தெரு, மருந்து, மருத்துவம் என்றால் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள பொறையாறுக்கோ, இன்னும் தெற்கே காரைக்காலுக்கோ போக வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயில் 1986-இல் நிறுத்தப்பட்டது. இப்போது ரயில் ஏற வேண்டுமென்றால் காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோ பேருந்தில்தான் போக வேண்டும். 2004 சுனாமியில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட கரை இது. கரையோரத்தில் இருக்கும் மாசிலாநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது.

எனவே தொடர் மருந்து எடுப்பவர், கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கும் குடும்பத்துக்கு ஒரு வாரம் போதும். படிக்கவும் எழுதவும் ஓய்வெடுக்கவும் விரும்பும் உடல்நலமுள்ள தம்பதிக்கு ஒரு மாதமும் சரியாக இருக்கும். நாகூர், காரைக்கால் இரண்டும் பேருந்தில் போய்வரும் தூரம்தான் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் மாறுதலாக ஒரு பயணமும் அமையும்.

காலிக் கோட்டை: மதிலுக்குள் ஓர் ஊர்

இலங்கையின் தென்கரையில் உள்ள காலி, கோட்டை மதிலுக்குள்ளேயே மக்கள் இன்றும் குடியிருக்கும் ஊர். போர்த்துக்கீசர் தொடங்கி, 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பெரிதாக்கிக் கட்டிய கோட்டை இது. 1988-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மூன்று புறம் கடல். மதிலின்மேல் நடந்தே ஊரைச் சுற்றிவர ஒரு மணி நேரம் போதும். அஸர் முடிந்து அந்த மதிலில் நடப்பது ஊர்க்காரர்களின் வழக்கமும்கூட. கலங்கரை விளக்கத்தின் எதிரே மீரான் ஜும்ஆ பள்ளிவாசல் இருக்கிறது. வெளித்தோற்றத்தில் தேவாலயம்போல இருப்பதால் முதன்முறை பார்ப்பவர்கள் தயங்குவார்கள். கோட்டைக்குள் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள் இருப்பதால் ஹலால் உணவுக்கும் தொழுகைக்கும் குறைவில்லை.

கொழும்பிலிருந்து காலிக்கு ரயில் கடலையொட்டியே வருகிறது. ரயில் நிலையத்திலிருந்து கோட்டை வாயில் சுமார் பத்து நிமிட நடைதான். 2004 சுனாமியின்போது கோட்டைக்கு வெளியே இருந்த நகரம் பேரழிவைச் சந்தித்தது. மதிலுக்குள் இருந்த பகுதி பெருமளவு தப்பியது.

குறை என்னவென்றால், கோட்டைக்குள் பழைய வீடுகள் பலவும் விலையுயர்ந்த விடுதிகளாகிவிட்டன. மாத வாடகைக்கு எளிய வீடு கிடைப்பது கடினம். காய்கறி, மீன் வாங்க மதிலுக்கு வெளியே வர வேண்டும். பெரிய அரசு மருத்துவமனை சில கிலோமீட்டர் தள்ளி கராப்பிட்டியவில் இருக்கிறது. அவசர உதவிக்கு இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். அதை எல்லோரின் கைப்பேசியிலும் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஜார்ஜ் டவுன்: மழையிலும் நடக்கலாம்

பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் தமிழ் முஸ்லிம்களுக்கு அந்நியமான ஊர் அல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து போன நம் முன்னோரைச் சூலியா என்று அழைத்தார்கள். அவர்கள் பெயரில் இன்றும் சூலியா தெரு இருக்கிறது. 1801-இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், நாகூர் தர்காவின் நினைவாகக் கட்டிய கட்டடமும் அருகருகே உள்ளன. தமிழ் காதில் விழும். நாசி கண்டார் கடைகளில் நம் கைமணமே இருக்கும்.

இந்த ஊரின் சிறப்பு, கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாகச் செல்லும் ஐந்தடித் தாழ்வாரம். மேலே கூரை இருப்பதால் வெயிலிலும் மழையிலும் குடையின்றி நடக்கலாம். சில இடங்களில் கடைச் சாமான்களும் பைக்குகளும் அதை அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே சாலையில் இறங்கி ஏற வேண்டும். படிகள் உயரம் மாறி மாறி இருப்பதால் மூத்தவர்கள் கவனமாக நடக்க வேண்டும். பழைய நகரைச் சுற்றி இலவசப் பேருந்து ஓடுகிறது; கால் வலிக்கும் நாளில் அது கைகொடுக்கும். தீவுக்கும் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் இடையே படகு உண்டு. படகுத் துறைக்கு அடுத்தே ரயில் நிலையம் இருக்கிறது.

கடலைப் பார்க்கலாம், காற்று வாங்கலாம். பழைய நகரில் குளிக்கும் கடற்கரை இல்லை. மணலுக்கு பத்து பெரிங்கி வரை பேருந்தில் போக வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்க அனுமதி தரப்பட்டது. இத்தகைய சலுகைகள் மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டு எடுக்கும் முன் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் எந்த ஊர்?

நடந்து வாழும் விடுமுறைக்கு வானிலைதான் வண்டி. அதைத் தவறாகக் கணித்தால் வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்க வேண்டும்.

புதுச்சேரி, தரங்கம்பாடி இரண்டுக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை மிக நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரித் தெருக்களை வெள்ளக்காடாக்கியதை மறந்திருக்க மாட்டோம். பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்தான் என்றால் அக்னி நட்சத்திர வெயிலைச் சமாளித்தாக வேண்டும். ஃபஜ்ருக்குப் பிறகு 8 மணி வரை, மாலை 5 மணிக்கு மேல் என இரு வேளை நடைக்கு ஒதுக்கி, நடுப்பகலை வீட்டில் கழிக்கும்படி திட்டமிடுங்கள்.

காலிக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் அங்கே கடல் கொந்தளிக்கும். ஜார்ஜ் டவுனில் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி வெப்பம்தான். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள்.

கடல் வாசலில் இருந்தால் கவனமும் வாசலில் இருக்க வேண்டும்

ஒரு நாள் சுற்றுலாவில் கடலை ஒரு மணி நேரம் பார்ப்போம்; கண்காணிப்பும் இருக்கும். ஒரு மாதம் தங்கும்போது கடல் பழகிப்போகும். ஆபத்து அங்கேதான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். தொலைவில் எழும் பெரும் அலைகள், உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாதபோதும் திடீரெனக் கரையேறும். இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையம் இதற்கான எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் கால் நனைக்கக்கூடப் போக வேண்டாம்.

கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் யாராவது சிக்கினால், கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. களைத்து மூழ்கிவிட நேரும். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு குறைந்த பிறகு கரை திரும்ப வேண்டும். காப்பாற்றுகிறேன் என்று நீச்சல் தெரியாதவர் பின்னால் குதிப்பதால் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர்கள் போவதைப் பார்க்கிறோம். கயிறோ, காலிக் குடமோ, மிதக்கும் எதுவோ எறிவதே உதவி. அந்த ஊர் மீனவர்களிடம் எந்த இடம் இழுக்கும், எந்த இடம் ஆழம் என்று முதல் நாளே கேட்டு, பிள்ளைகளுக்கு எல்லையைக் காட்டிவிடுங்கள்.

வீட்டைப் பேசி முடிக்கும் முன்

ஒரு மாத வாடகை கொடுக்கும் முன், வாரநாளில் ஓர் இரவும் வார இறுதியில் ஓர் இரவும் அந்த ஊரில் தங்கிப் பாருங்கள். அப்போது இவற்றைக் கவனியுங்கள்:

* வீட்டிலிருந்து பள்ளிக்கு ஃபஜ்ர் நேரத்தில் நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நாய்த் தொல்லை உண்டா என்பது அப்போதுதான் தெரியும்.
* அதே வழியில் வீட்டுப் பெண்கள் இஷாவுக்குப் பிறகு நடந்து பார்க்கட்டும். அவர்கள் சரி என்றால்தான் சரி.
* தரைத்தள வீடா, மேற்கத்திய கழிப்பறை உண்டா, குளியலறையில் பிடிமானம் உண்டா என்று பாருங்கள். மூன்றாம் மாடி வீட்டை எடுத்துவிட்டு நடக்கத் தகுந்த ஊர் என்று சொல்வதில் பொருளில்லை.
* கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பதுண்டு. சமைக்கவும் குடிக்கவும் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேளுங்கள்.
* சமையலறையும் குளிர்பெட்டியும் அவசியம். மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் மிச்சமாகும் வண்டிச் செலவு ஹோட்டலுக்குப் போய்விடும்.
* கனமான பொருட்களை, அதாவது அரிசி, தண்ணீர்க் கேன், எரிவாயு ஆகியவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களா என்று கேட்டு வையுங்கள்.

தங்கும் நாட்களைப் பொறுத்துத் தொழுகையின் சட்டமும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களோ அதற்கு மேலோ ஓரிடத்தில் தங்க எண்ணினால் ஷாஃபிஈ மத்ஹபில் பயணிக்கான கஸ்ர் சலுகை கிடையாது. ஹனஃபி மத்ஹபில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்க எண்ணினால் கிடையாது. ஆகவே ஒரு மாதம் தங்குபவர் அந்த ஊர்க்காரரைப் போலவே முழுமையாகத் தொழ வேண்டியவர். பள்ளிவாசல் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று முதலிடத்தில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டியே வேண்டாம் என்பதில் பிடிவாதமும் வேண்டாம். முதல் நாள் பெட்டிகளோடு வரும்போதும், யாருக்காவது உடம்பு சரியில்லாதபோதும் ஆட்டோ பிடிக்கத்தான் வேண்டும். நம்பகமான ஓர் ஆட்டோக்காரரின் எண்ணையும், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 108, மலேசியாவில் 999 ஆகிய அவசர எண்களையும் கதவின் பின்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

யாருக்கு எந்த ஊர்?

சுருக்கமாகச் சொன்னால் இப்படி. மூத்தவர்களும் பிள்ளைகளும் சேர்ந்த பெரிய குடும்பம், முதன்முறை முயல்கிறது என்றால் புதுச்சேரி. அமைதி தேடும் இருவர், மருந்துத் தேவை இல்லாதவர்கள் என்றால் தரங்கம்பாடி. செலவைத் தாங்க முடியும், டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் விடுப்பு உண்டு என்றால் காலி. கடலில் குளிப்பது முக்கியமில்லை, ஊரைச் சுற்றிப் பார்ப்பதும் உணவும்தான் முக்கியம் என்றால் ஜார்ஜ் டவுன்.

இந்த நான்கைத் தவிர வேறு ஊரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் அளவுகோல் இதேதான். பத்திரிகைகள் புகழும் கடற்கரை எது என்று தேடாதீர்கள். உங்கள் வீட்டில் மிக மெதுவாக நடப்பவர் யார், அவர் துணைக்கு ஆள் தேடாமல் எங்கெல்லாம் போய்வர முடியும் என்று கேளுங்கள். ஆண்டு முழுவதும் மற்றவர்களின் வசதிக்காகக் காத்திருக்கும் வாப்பாவும் உம்மாவும் ஒரு மாதமாவது தாங்கள் நினைத்த நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கட்டும். அப்படி ஒரு விடுமுறை நம் எல்லாக் குடும்பங்களுக்கும் அமைய அல்லாஹ் அருள் புரிவானாக.